அண்டா, துணிப்பை, மூடி போட்ட வாளி: வீட்டில் பேல் ஏல் காய்ச்ச முழுமையான வழிகாட்டி

வெளிர் நிற பீர் வகையான பேல் ஏலைக் காய்ச்ச மூன்றடுக்குத் தொட்டியும் பம்பும் குழாய்களும் வேண்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடுபவர்கள் நிறைய. ஒரு பெரிய அண்டா, ஒரு துணிப்பை, மூடி போட்ட ஒரு வாளி இருந்தால் 10 லிட்டர் நல்ல ஏல் இறக்கிவிடலாம். பாத்திரங்களை எப்படி வேண்டுமானாலும் ஒப்பேற்றிக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (அடர்த்திமானி), ஒரு கிராம் வரை காட்டும் தராசு ஆகியவற்றை மட்டும் வாங்கியே ஆக வேண்டும். கண்ணளவும் கைப்பதமும் இந்த வேலையில் செல்லாது. 64 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது, நாக்குக்கு நன்றாகத் தெரியும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் கூட்டரசுச் சட்டம் அனுமதித்தும், அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. இன்றும் இது குற்றமாக இருக்கும் இடங்கள் உண்டு.

காய்ச்சும் நாள் ஐந்து முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். அந்த நாளை இரண்டாகக் கிழிக்கும் ஒரு நொடி உண்டு: கொதி முடிந்து அடுப்பை அணைக்கும் நொடி. அதற்கு முன்பு வரை பாத்திரம், கரண்டி, பை எல்லாம் சமையலுக்கு வேண்டிய சுத்தத்தில் இருந்தால் போதும். பீரைக் கெடுக்கும் கிருமிகள் ஒரு மணி நேரக் கொதியில் பிழைக்காது. அணைத்த பிறகு, மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய பார்லி) இறக்கிய அந்தச் சாற்றைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். முதல் பாதியில் பதறுவதும் இரண்டாம் பாதியில் அசட்டையாக இருப்பதும்தான் புதியவர்கள் செய்யும் தவறு.

சாமான்கள் (10 லிட்டருக்கு)

- பேல் மால்ட்: 2.3 கிலோ
- நடுத்தர நிறக் கிரிஸ்டல் மால்ட்: 150 கிராம்
- கேஸ்கேட் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), வில்லை வடிவில், ஆல்ஃபா அமிலம் (கசப்பின் மூலம்) 6 சதவீதம்: மொத்தம் 75 கிராம்
- உலர் ஏல் ஈஸ்ட் (சஃபேல் யுஎஸ்-05 அல்லது அதைப் போன்றது): ஒரு பாக்கெட்
- ஜிப்சம்: 4 கிராம்
- தண்ணீர்: 15.5 லிட்டர்
- பாட்டிலில் அடைக்கும் நாளுக்கு வெள்ளைச் சர்க்கரை: சுமார் 56 கிராம்

இந்தக் கணக்கில் ஹைட்ரோமீட்டர் காட்டும் தொடக்க அடர்த்தி (தண்ணீர் 1.000) 1.048 முதல் 1.050 வரை வரும். புளித்து முடிந்ததும் 1.010 முதல் 1.012. ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம். ஹாப்ஸ் பாக்கெட்டில் ஆல்ஃபா அமிலம் வேறாக இருந்தால் கொதியில் முதலில் போடும் அளவை மட்டும் மாற்றினால் போதும்: 15 கிராமை 6ஆல் பெருக்கி, உங்கள் பாக்கெட்டில் உள்ள எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கேடைச் சொல்லக் காரணம், 1972இல் வெளிவந்த இந்த ரகம்தான் அமெரிக்க பேல் ஏலுக்கே முகவரி கொடுத்தது. பம்ப்ளிமாஸ் தோலும் பூவும் கலந்த வாசம். முதல் தடவையே நான்கு ரக ஹாப்ஸைக் கலந்தால், எது என்ன செய்தது என்று கடைசிவரை தெரியாது.

பாத்திரங்களை ஒப்பேற்றுவது

அண்டா 20 லிட்டருக்கு மேல் கொள்ள வேண்டும். தண்ணீரும் மால்ட்டும் சேர்ந்தே 17 லிட்டரைத் தொடும். எவர்சில்வர்தான் முதல் தேர்வு. அலுமினியமும் பரவாயில்லை, ஆனால் அதை வெள்ளையாகத் தேய்த்து மின்ன வைக்காதீர்கள், மேலே படிந்திருக்கும் மங்கலான படலம்தான் பாதுகாப்பு. பூச்சு பெயர்ந்த எனாமல் பாத்திரமும் துருப்பிடிக்கும் இரும்பும் வேண்டாம், பீரில் ரத்தம் போன்ற உலோகச் சுவை ஏறும். ஒரே அண்டா கிடைக்கவில்லை என்றால் தண்ணீரையும் மால்ட்டையும் ஹாப்ஸையும் சரிபாதியாகப் பிரித்து இரண்டு பாத்திரங்களில் செய்யலாம். சாதாரண அடுப்பில் அதுவே விரைவாகக் கொதிக்கும்.

பைக்கு, ஜன்னல் திரைக்குப் போடும் மெல்லிய பாலியஸ்டர் வலைத்துணி கச்சிதமாகப் பொருந்தும். அண்டாவின் உட்புறம் முழுவதும் படிந்து, விளிம்பில் மடித்து விடும் அளவுக்குப் பெரிதாகத் தைத்துக்கொள்ளுங்கள். அடியில் இரட்டைத் தையல் போடுங்கள். ஈரமான மால்ட் நான்கு கிலோவுக்கு மேல் கனக்கும், கொதிநீர் சொட்டும்போது தையல் விட்டால் பாதத்தில்தான் விழும். பருத்தித் துணி சாற்றை உறிஞ்சும், சீக்கிரம் அடைத்தும் கொள்ளும். புதுத் துணியைச் சோப்பில்லாமல் இரண்டு முறை வெந்நீரில் அலசுங்கள்.

வாளி உணவுத்தரப் பிளாஸ்டிக்காக, 13 முதல் 15 லிட்டர் கொள்ளுவதாக, மூடி இறுக்கமாக உட்காருவதாக இருக்கட்டும். உள்ளே கீறல் விழுந்த வாளி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். அந்தக் கீறலுக்குள் கிருமிநீக்கி எட்டாது. ஊறுகாய் இருந்த வாளியையும் விடுங்கள், அந்த வாசம் எத்தனை கழுவினாலும் போகாது.

ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) இல்லாவிட்டால் மூடியில் ஒரு துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாயை இறுகச் செருகுங்கள். மறுமுனை, கிருமிநீக்கி கலந்த நீர் பாதி நிரம்பிய பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். கடைகளில் விற்கும் சின்ன ஏர்லாக்கைவிட இது நல்லது என்றே சொல்வோம், நுரை பொங்கினாலும் அடைக்காது. ஒரே ஒரு பொறி: வாளி குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து அந்த நீரைப் பின்னோக்கி இழுக்கும். பாட்டில் வாளியைவிடத் தாழ்வாக இருந்தால் நீர் பீர் வரை ஏறாது.

தண்ணீர் சூடாக்கும் இம்மர்ஷன் ராடை மால்ட் சாற்றுக்குள் விடும் யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். விட்டுவிடுங்கள். அந்தச் சிறிய சுருளில் சர்க்கரை கருகி ஒட்டி, பீர் முழுக்கத் தீய்ந்த வாடை அடிக்கும். மின்கசிவு ஆபத்து தனி.

தண்ணீர்

குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீர், காய்ச்சவும் நன்றாகவே இருக்கும், குளோரின் மட்டும் விதிவிலக்கு. அது மால்ட்டில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்தால் மருந்துக்கட்டு வாசம் அடிக்கும், பிறகு நீக்க வழியே இல்லை. சாதாரண குளோரின் இரவு முழுவதும் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமைன் போகாது, அதற்குக் கேம்டன் மாத்திரையில் (சல்ஃபைட் மாத்திரை) கால் பங்கை நுணுக்கிப் போட்டுக் கலக்குங்கள், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

ஜிப்சம் ஏன்? இங்கிலாந்தில் பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீர் ஜிப்சம் நிறைந்தது. அந்த ஊர் பேல் ஏலின் பெயர் பரவ அந்த நீரும் ஒரு காரணம். ஜிப்சத்தில் உள்ள சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பை வழவழப்பில்லாமல் நறுக்கென்று நிறுத்தும். 15.5 லிட்டரில் 4 கிராம் என்பது லிட்டருக்கு 140 மில்லிகிராம் சல்ஃபேட்டையும் 60 மில்லிகிராம் கால்சியத்தையும் கூட்டும். உங்கள் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது என்றால் பாதி போதும்.

முதல் பாதி: மால்ட்டிலிருந்து சாறு

மால்ட்டை உடைத்து வாங்குவது உத்தமம். முழுதாக வந்துவிட்டால் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் விடுங்கள், அல்லது கனமான கண்ணாடிப் பாட்டிலை மேலே உருட்டி நசுக்குங்கள். ஒவ்வொரு மணியும் குறைந்தது மூன்று நான்கு துண்டாக வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் முழு மணி தென்படக் கூடாது. பை முறையில் வடிகட்டி அடைக்கும் என்ற பயம் குறைவு என்பதால் ரவை பதம் வரை போகலாம். அடர்த்தி குறைவாக வந்தது என்று புலம்புபவர்களில் பெரும்பாலோருக்குக் குற்றவாளி இந்த இடத்தில்தான் இருக்கிறான்.

15.5 லிட்டர் தண்ணீரை ஜிப்சம் கலந்து 69 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அடுப்பை அணையுங்கள். பையை உள்ளே விரித்து விளிம்பில் கிளிப் போடுங்கள். மால்ட்டை ஒருவர் தூவ, இன்னொருவர் கிளறினால் கட்டி விழாது. கட்டி விழுந்தால் அதன் நடுவில் மாவு உலர்ந்தே கிடக்கும், அந்தச் சர்க்கரை உங்களுக்குக் கிடைக்காது. அறை வெப்பத்தில் இருந்த மால்ட் சேர்ந்ததும் சூடு 66க்கு இறங்கும். மூன்று நான்கு இடங்களில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். மேலே ஒன்றும் நடுவில் ஒன்றும் காட்டினால் இன்னும் கிளற வேண்டும்.

66 என்ற எண் ஒரு சமரசம். மாவுச்சத்தை வெட்டும் இரண்டு நொதிகளில் ஒன்று 60 முதல் 65 டிகிரியில் சுறுசுறுப்பாக இருந்து, ஈஸ்ட் முழுதும் தின்னக்கூடிய சிறு சர்க்கரையைத் தரும். மற்றது 70ஐ ஒட்டி வேலை செய்து, ஈஸ்ட் தொடாத பெரிய துண்டுகளை விட்டுவைக்கும். 64இல் வைத்தால் பீர் வறண்டு லேசாகும். 69இல் வைத்தால் கனமாக, இனிப்பு தங்கியதாக வரும். 76ஐத் தாண்டினால் நொதிகள் செத்தேபோகும், அதற்குமேல் காத்திருந்து பயனில்லை.

மூடியைப் போட்டு, அண்டாவைத் தடித்த போர்வை இரண்டால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். 17 லிட்டர் சூடான கூழ் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் அதை ஆற வைக்கும். 62க்குக் கீழே போனால் மட்டும் போர்வையை எடுத்துவிட்டு, அடியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து, சின்னத் தீயில் கிளறியபடி ஏற்றுங்கள். தட்டு இல்லையென்றால் பை அடியில் ஒட்டி உருகும்.

சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தட்டில் சில சொட்டுச் சாற்றை விட்டு, அதில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் இருக்கிறது, கால் மணி நேரம் கூட்டுங்கள். அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே இருந்தால் முடிந்தது. சோதித்த சாற்றைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

இப்போது பையைத் தூக்க வேண்டும். நான்கு முனைகளையும் சேர்த்து முறுக்கி, மெதுவாக உயர்த்தி, அண்டாவின் வாயில் குறுக்காக வைத்த கம்பித் தட்டின் மேல் உட்கார வையுங்கள். சாறு முதலில் தாரையாக, பிறகு நூலாக, பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கும். அது நூலாக மாறும் கட்டத்தில் ஒரு மூடியால் மேலிருந்து அழுத்துங்கள். பிழிந்தால் துவர்ப்பு வரும் என்று பழைய பேச்சு ஒன்று உண்டு. துவர்ப்பு வருவது அதிகச் சூடும் காரத்தன்மையும் சேரும்போதுதான், கை அழுத்தத்தால் அல்ல. தாராளமாகப் பிழியுங்கள், தடித்த ரப்பர் கையுறையோடு.

அண்டாவில் சுமார் 13.5 லிட்டர் சாறு நிற்க வேண்டும். இதுதான் வோர்ட். கொஞ்சம் எடுத்து 20 டிகிரிக்கு ஆறவைத்து ஹைட்ரோமீட்டரை விடுங்கள்: 1.040ஐ ஒட்டி இருக்கும். சூடாக அளந்தால் எண் குறைத்துக் காட்டும், திருத்தப் பட்டியலும் 60 டிகிரியில் நம்பத்தக்கதல்ல. குறைவாக இருந்தால் இப்போதே சரிசெய்யலாம்: 150 கிராம் உலர் மால்ட் சாறு (பொடியாகக் கிடைப்பது) இறுதி அடர்த்தியை 0.005 அளவுக்கு உயர்த்தும்.

கொதி

மூடியைப் பாதி மூடி வேகமாகக் கொதிநிலைக்குக் கொண்டுபோங்கள். 95 டிகிரி தாண்டியதும் அடுப்பை விட்டு நகராதீர்கள். மேலே வெண்பழுப்பு நுரை படலமாகத் திரண்டு, ஒரு நிமிடம் அப்படியே நின்று, பிறகு பால் பொங்குவதைப் போல ஒரே மூச்சில் எழும். தீயைக் குறைத்து, கரண்டியால் கலைத்து, குளிர்ந்த நீர் தெளித்தால் அடங்கும். சில நிமிடங்களில் புரதம் திரிந்து, உடைத்து ஊற்றிய முட்டை வெள்ளை போலத் திப்பி திப்பியாக மிதக்கும். அதற்குப் பிறகு பொங்குவது குறையும்; ஹாப்ஸ் போடும்போது மட்டும் இன்னொருமுறை சீறும்.

இங்கிருந்து மூடி கூடாது. வெளிர் மால்ட்டில் உள்ள ஒரு பொருள் சூட்டில் வேக வைத்த சோள வாசமுள்ள கந்தகச் சேர்மமாக மாறும். ஆவியோடு வெளியேறினால்தான் தொல்லை தீரும். மூடியில் படிந்து திரும்பச் சொட்டினால் பீரிலேயே தங்கும்.

கணக்கு 60 நிமிடம்:

- கொதி தொடங்கியதும்: 15 கிராம் ஹாப்ஸ் (கசப்புக்கு)
- முடிய 15 நிமிடம் இருக்கும்போது: 15 கிராம் (சுவைக்கு)
- அணைத்து, 80 டிகிரிக்கு ஆறியதும்: 20 கிராம், 20 நிமிட ஊறல் (மணத்துக்கு)
- மீதி 25 கிராம், புளிக்கும் வாளிக்கு

கேஸ் அடுப்பை மூடிய அறையில் இவ்வளவு நேரம் எரிக்காதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். வடிகட்டிய ஹாப்ஸ் சக்கையை நாய் எட்டாத இடத்தில் கொட்டுங்கள்; நாய்களுக்கு உயிரைப் பறிக்கும் அளவு உடல் சூடு ஏறிவிடும்.

இரண்டாம் பாதி: ஆறவைத்தல்

அடுப்பை அணைத்தாயிற்று. இனி விதிகள் வேறு. வாளி, மூடி, குழாய், கரண்டி, தெர்மாமீட்டர், கத்திரிக்கோல், ஈஸ்ட் பாக்கெட்டின் வெளிப்புறம்கூட, கிருமிநீக்கியில் நனைய வேண்டும். ஸ்டார் சான் போன்ற அமில வகை லிட்டருக்கு 1.6 மில்லி, கழுவத் தேவையில்லை. அது கிடைக்காதபோது வாசனையில்லாத வீட்டு பிளீச் லிட்டருக்கு 4 மில்லி கலந்து 20 நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறிய நீரால் நன்றாக அலசுங்கள். பிளீச்சோடு வினிகரையோ எந்த அமிலத்தையோ சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். எவர்சில்வரையும் அதில் ஊறப் போடாதீர்கள். எதுவானாலும் முதலில் அழுக்கு போகத் தேய்த்திருக்க வேண்டும். அழுக்கின் மேல் தெளித்த கிருமிநீக்கி வெறும் ஈரம்.

ஹாப்ஸின் 20 நிமிட ஊறல் முடிந்ததும் மூடியோடு அண்டாவைக் குளியல் தொட்டியிலோ பெரிய டப்பிலோ இறக்குங்கள். இருவர் தூக்குங்கள். ஐஸை இப்போதே கொட்டாதீர்கள், சூடான அண்டா அதை நொடியில் விழுங்கிவிடும். முதல் இரண்டு தடவை சாதாரண நீரை மாற்றி மாற்றி 40 டிகிரி வரை இறக்கி, பிறகு ஐஸைப் போடுங்கள். வெளிநீரைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் பாதி நேரத்தில் ஆறும். இலக்கு 20 டிகிரி. வசதியே இல்லையென்றால் மூடியபடி இரவு முழுக்க ஆறவிட்டு மறுநாள் ஈஸ்ட் போடுவதும் நடைமுறையில் இருக்கிறது. சூடு தங்குவதால் பிந்தைய ஹாப்ஸும் கசப்பைக் கூட்டும் என்பதால், முடிய 15 நிமிடம் இருக்கும்போது போடும் ஹாப்ஸை அணைத்த பிறகு போடுங்கள்.

அடியில் பச்சை மண்டி படிந்திருக்கும். மேலே உள்ள தெளிவைக் குழாய் வழியே வாளிக்கு இறக்கி, மண்டியில் ஒரு லிட்டரை விட்டுவிடுங்கள். குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம், கிருமிநீக்கி நீரை நிரப்பி விரலால் மூடித் தொடங்குங்கள். இந்த ஒரே சந்தர்ப்பத்தில் காற்று நல்லது: உயரத்திலிருந்து தெறிக்க விழட்டும், பிறகு மூடி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும். அடர்த்தியைக் குறித்துக்கொண்டு, பாக்கெட் முழுவதையும் மேலே தூவி மூடுங்கள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் புளிக்க வைக்கும்தான், ஆனால் அடியில் படியாமல் கலங்கியே நிற்கும், சுவையும் மாவு மாவாக இருக்கும்.

புளிக்கும் இரண்டு வாரம்

12 முதல் 24 மணி நேரத்தில் குமிழ் தொடங்கும். வராவிட்டால் முதலில் மூடியைச் சந்தேகியுங்கள், ஈஸ்டை அப்புறம். காற்று வேறு இடுக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும்.

இந்த ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி. வீரியமாகப் புளிக்கும்போது உள்ளே அறையைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி கூடும் என்பதால் அறை 24 என்றால் பீர் 27இல் இருக்கிறது. அந்தச் சூட்டில் எரிச்சலான சாராய நெடியும் தலைவலியும்தான் மிச்சம். வாளியை அகலமான டப்பில் நிறுத்தி, பாதி வரை நீர் ஊற்றி, ஈரப் பனியன் மாட்டி, உறைந்த தண்ணீர் பாட்டிலைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். முதல் நான்கு நாள்தான் முக்கியம். அறை எப்போதும் 28க்கு மேல் என்றால் மல்லுக்கட்டாமல் வோஸ் க்வைக் ஈஸ்டுக்கு மாறுங்கள். நார்வேப் பண்ணைகளில் வழிவழியாக வந்த அது 35 டிகிரியிலும் சுத்தமாகப் புளிக்கும்.

எட்டாம் நாள் வாக்கில் நுரை அடங்கி, அடர்த்தி 1.014க்குக் கீழே வந்ததும் மீதி 25 கிராம் ஹாப்ஸைத் தூவி, மூன்று நான்கு நாள் விடுங்கள். இதன் பிறகு அடர்த்தி இன்னும் கொஞ்சம் இறங்கலாம். ஹாப்ஸிலேயே நொதிகள் உண்டு, அவை ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையை மீண்டும் வெட்டிக் கொடுக்கும். அதனால் ஹாப்ஸ் போடும் முன் எடுத்த அளவை நம்பி அடைக்காதீர்கள். போட்ட பிறகு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை ஒரே எண் வர வேண்டும். குமிழ் நின்றது என்பது எதற்கும் சாட்சியல்ல. வெண்ணெய் வாசம் வந்தால் மேலும் மூன்று நாள் அப்படியே விடுங்கள், ஈஸ்ட் அதைத் தானே உண்டுவிடும்.

பாட்டிலில் அடைத்தல்

சோடா அல்லது பீர் இருந்த பாட்டில்கள் மட்டும். ஒயின் பாட்டிலும் ஜாடியும் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். முதல் தடவைக்குச் சோடா பிளாஸ்டிக் பாட்டிலையே சொல்வோம். விரலால் அழுத்தினாலே எவ்வளவு வாயு ஏறியிருக்கிறது என்று தெரியும்.

பாட்டிலுக்குள் வாயு ஏற, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. வாளியில் 9.3 லிட்டர் தேறினால் 56 கிராம். 100 மில்லி நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான இன்னொரு வாளியின் அடியில் ஊற்றி, அதன் மேல் பீரை இறக்குங்கள். குழாயின் முனை எப்போதும் பீருக்குள்ளேயே இருக்கட்டும், தெறிக்கக் கூடாது. ஈஸ்ட் போட்ட நாளில் வேண்டியிருந்த காற்று இப்போது எதிரி. நனைந்த அட்டைப்பெட்டிச் சுவையும் மங்கிய ஹாப்ஸ் மணமும் அதன் வேலை. மெதுவாக ஒரு சுற்றுக் கலக்கி, வாயில் மூன்று சென்டிமீட்டர் விட்டு நிரப்பி மூடுங்கள். வெளிச்சம் படாத இடத்தில், 20 டிகிரியை ஒட்டி, இரண்டு வாரம். கண்ணாடி பாட்டில்கள் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். ஒரு வாரத்திலேயே பிளாஸ்டிக் பாட்டில் கல்லாக இறுகிவிட்டால், புளிப்பு முடியாமல் அடைத்திருக்கிறீர்கள் என்று பொருள்: எல்லாவற்றையும் உடனே குளிரூட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து வாயுவை விடுங்கள்.

இரண்டு நாள் நிமிர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். அடியில் ஈஸ்ட் மெல்லிய படலமாக இறுகியிருக்கும். பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே சாய்வில் ஊற்றி, கடைசி விரலளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.